துள்ளி வண்ணத்துப்பூச்சிகள்: வெப்பமண்டல இனங்களின் வகைப்பாடும் பரவலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

துள்ளிகள் என்ற பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட அவற்றைப் பார்த்திருப்பார்கள். புல்தரையில் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்கு விசுக்கென்று பாய்ந்து, கண் பின்தொடர்வதற்குள் காணாமல் போகும் சிறிய பழுப்புப் பூச்சி பெரும்பாலும் துள்ளிதான். சிலர் தாவி என்பார்கள். வண்ணத்துப்பூச்சி பார்க்கப் போகிறவர்களில் பலர் "பழுப்பு, பெயர் தெரியவில்லை" என்று குறித்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையின் வண்ணத்துப்பூச்சி இனங்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு துள்ளிகள். அவற்றை விட்டுவிட்டால் பட்டியலில் கால்வாசி போய்விடும்.

வகைப்பாடு, பரவல் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். பல பதில்கள் கடைசியில் புழு தின்னும் செடியில் போய் நிற்பதைக் கவனிப்பீர்கள். துள்ளிகளை அறிய நினைப்பவர் முதலில் இலையைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

துள்ளியை மற்ற வண்ணத்துப்பூச்சிகளிலிருந்து எப்படிப் பிரித்தறிவது?

உணர்கொம்பின் நுனியைப் பாருங்கள். மற்ற வண்ணத்துப்பூச்சிகளுக்கு அது குமிழாக முடியும். துள்ளிகளில் பெரும்பாலானவற்றுக்குக் குமிழைத் தாண்டி நுனி மெலிந்து, தூண்டில் முள்போல் வளைந்திருக்கும். இரண்டு உணர்கொம்புகளும் தலையில் ஒன்றுக்கொன்று தள்ளி முளைத்திருக்கும். தலை அகலம், மார்பு தடிமன், உடலோடு ஒப்பிட்டால் இறக்கை சிறியது. அந்தத் தடித்த மார்புக்குள் இருக்கும் பறக்கும் தசைதான் அவற்றின் வேகத்துக்குக் காரணம்.

இறந்து கிடக்கும் பூச்சி கையில் கிடைத்தால் முன்னிறக்கை நரம்புகளை உருப்பெருக்கியில் பார்க்கலாம். நடுவில் உள்ள அறையிலிருந்து ஒவ்வொரு நரம்பும் கிளைக்காமல் தனித்தனியாக விளிம்புக்கு ஓடும். இந்தக் குடும்பத்துக்கு மிக நம்பகமான அடையாளம் இது.

இவை அந்துப்பூச்சியா, வண்ணத்துப்பூச்சியா?

வண்ணத்துப்பூச்சிதான். இந்தக் கேள்வி எழுவதற்கு நியாயமான வரலாறு உண்டு. 1758-இல் ஸ்வீடன் இயற்கையியலாளர் லின்னேயஸ் இவற்றை மற்ற வண்ணத்துப்பூச்சிகளோடு பாப்பிலியோ என்ற ஒரே பேரினத்துக்குள் தனிப் பிரிவாக வைத்தார். 1809-இல் பிரெஞ்சுப் பூச்சியியலாளர் லத்ரெய் ஹெஸ்பெரிடே என்ற தனிக் குடும்பத்தை நிறுவினார். பிறகு நெடுங்காலம் "உண்மையான வண்ணத்துப்பூச்சிகள்" ஒரு பெருங்குடும்பம், துள்ளிகள் இன்னொரு பெருங்குடும்பம் என்று பாடநூல்கள் பிரித்தே வைத்திருந்தன. அந்துக்கும் வண்ணத்துப்பூச்சிக்கும் இடைப்பட்டவை என்ற எண்ணம் அங்கிருந்து பரவியது.

மரபணு ஆய்வுகள் இந்தப் படத்தை மாற்றிவிட்டன. வண்ணத்துப்பூச்சிகளின் பரிணாம மரத்தில் முதலில் கிளை பிரிந்தது, பெரிய, பெரும்பாலும் வாலுள்ள இறக்கை கொண்ட அழகிகளின் குடும்பம். துள்ளிகள் அதற்குப் பிறகு, மரத்தின் உள்ளேயே பிரிந்தவை. எனவே அழகியை வண்ணத்துப்பூச்சி என்று சொல்பவர் துள்ளியையும் அப்படித்தான் சொல்ல வேண்டும். துள்ளிகளுக்கு நெருங்கிய உறவு ஹெடிலிடே என்ற சிறு குடும்பம். அமெரிக்க வெப்பமண்டலத்தில் மட்டும் வாழும் இதில் சுமார் 36 இனங்கள் உள்ளன. பெரும்பாலும் இரவில் பறக்கும். வௌவாலின் மீயொலியைக் கேட்கும் காது இறக்கையில் இருக்கிறது. 1986 வரை இவற்றை அந்துப்பூச்சிகளோடுதான் சேர்த்திருந்தார்கள். அந்த ஆண்டில் மால்கம் ஸ்கோபிள்தான் இவை வண்ணத்துப்பூச்சிகளைச் சேர்ந்தவை என்று எடுத்துக்காட்டினார்.

உலகில் எத்தனை இனங்கள்? எங்கே அதிகம்?

விவரிக்கப்பட்டவை ஏறத்தாழ 4,000. அதில் பாதிக்கு மேல் மெக்சிகோ முதல் அர்ஜென்டினா வரையிலான அமெரிக்க வெப்பமண்டலத்தில் இருக்கின்றன. இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்டவை உண்டு. அவற்றில் பெரும்பகுதி வடகிழக்கு மாநிலங்களில்தான். ஆப்பிரிக்கா நிலப்பரப்பில் பெரியது என்றாலும் துள்ளி இனங்களில் தென் அமெரிக்காவுக்கு மிகவும் பின்னால் நிற்கிறது. நியூசிலாந்தில் இயற்கையாக ஒரு துள்ளிகூட இல்லை.

துணைக்குடும்பங்கள் எவை? ஒவ்வொன்றும் எங்கே வாழ்கிறது?

கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டிய கேள்வி இது. வகைப்பாடும் பரவலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பது இங்கேதான் தெரியும்.

துள்ளிகளின் பரிணாம மரத்தின் அடியில் முதலில் பிரிவது கோலியாடினே. ஆப்பிரிக்கா, ஆசியா, ஆஸ்திரேலியா என்று பழைய உலகத்தின் வெப்பப் பகுதிகளில் மட்டும் உண்டு, அமெரிக்காவில் இல்லை. நூற்றுக்கும் குறைவான இனங்கள். முகத்துக்கு முன்னால் துருத்தும் உணர்விழையின் கடைசிக் கணு மெலிந்து, மயிரின்றி, குத்தூசி மாதிரி நீண்டிருப்பதால் ஆங்கிலத்தில் இவற்றை ஆல் (awl, குத்தூசி) என்கிறார்கள். தமிழகத்தில் இவற்றைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. தெருவோரப் புங்க மரத்தின் தளிரில் ஹசோரா குரோமஸ் முட்டையிடும். சில ஆண்டுகளில் புழுக்கள் பெருகி, தளிரே இல்லாமல் மரத்தை மொட்டையாக்கிவிடும். நாட்டு வாதுமையிலும் தான்றியிலும் படாமியா எக்ஸ்கிளமேஷனிஸ் வளரும். குருக்கத்திக் கொடியில் பிபாசிஸ் சேனா.

அடுத்து யூஸ்கெமோனினே. இந்தத் துணைக்குடும்பத்தில் உலகெங்கும் ஒரே ஓர் இனம்தான்: கிழக்கு ஆஸ்திரேலியாவின் மழைக்காடுகளில் வாழும் யூஸ்கெமான் ராஃப்லீசியா. முன்னிறக்கையையும் பின்னிறக்கையையும் பறக்கும்போது கோத்துப் பிடிக்கும் முள்ளும் கொக்கியும் அந்துப்பூச்சிகளுக்கு உண்டு. துள்ளிகளில் அந்த அமைப்பு இந்த இனத்தின் ஆணுக்கு மட்டும் இருக்கிறது. துள்ளிகளை அந்துக்களோடு சேர்த்துப் பேசியவர்கள் அடிக்கடி காட்டிய சான்று இது.

யூடாமினே கிட்டத்தட்ட முழுக்க அமெரிக்காவைச் சேர்ந்தது. பின்னிறக்கையில் நீண்ட வால் உள்ள துள்ளிகளின் படத்தை எங்காவது பார்த்திருந்தால், அது பெரும்பாலும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்கும். புழுக்களில் பல அவரைக் குடும்பச் செடிகளில் வளர்பவை. ஆசியாவில் இதற்கு உறவாக லோபோக்லா என்ற பேரினம் மட்டும் இமயமலையிலும் சீனாவிலும் இருக்கிறது. உறவினர்கள் எல்லோரும் பசிபிக்கின் அக்கரையில் இருக்க, இது மட்டும் எப்படி இக்கரைக்கு வந்தது? வடக்கே ஆசியாவையும் அமெரிக்காவையும் இணைத்த பெரிங் நிலப்பாலம் திறந்திருந்த காலத்தில் கடந்திருக்கலாம் என்பது பொருத்தமான விளக்கமாகத் தோன்றுகிறது.

பைரோபைஜினேயும் அமெரிக்காவுக்கே உரியது. பருத்த உடல், கருநீலப் பளபளப்பு, பலவற்றுக்கு வயிற்று நுனியில் நெருப்புச் சிவப்பு. துள்ளி என்றாலே பழுப்பு என்று நினைப்பவர்கள் பெருவின் காட்டு ஓடைக்கரைகளில் எடுத்த இவற்றின் படங்களைப் பார்க்க வேண்டும்.

டாகியாடினே நம் பக்கத்துக்காரர்கள். இறக்கைகளை முழுக்க விரித்து, பெரும்பாலும் இலையின் அடிப்பக்கத்தில் ஒட்டி உட்காருபவை. மழைக்குப் பின் சோலை ஓரங்களில் காட்டுவள்ளிக் கொடியைச் சுற்றி வரும் டாகியாடிஸ் லிட்டிஜியோசாவின் பின்னிறக்கை வெண்மை எளிதில் மறக்காது. கனகாம்பரக் குடும்பச் செடிகளை நம்பும் செலினோரைனஸ் வகைகளும் இங்கே வரும். நெடுங்காலமாக ஒரே பேரினத்தில் வைக்கப்பட்ட இவை ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா மூன்றின் வெப்பக் காடுகளிலும் இருக்கின்றன. துள்ளிகளில் இப்படி மூன்று கண்டங்களைத் தொடும் கூட்டம் அரிது.

பைர்ஜினே உலகெங்கும் பரவியது. இனங்கள் குவிந்திருப்பது அமெரிக்காவில். தமிழகச் சமவெளியில் குறுந்தோட்டிச் செடியருகே தரையை ஒட்டிப் பறக்கும் கருப்பு வெள்ளைப் புள்ளிக்காரன் ஸ்பியாலியா கல்பா இதைச் சேர்ந்தது.

ஹெட்டரோப்டெரினே குளிர்நாடுகளிலும் வெப்பமண்டல மலைகளிலும் சிதறிக் கிடக்கிறது. ட்ரபெசிடினே ஆஸ்திரேலியாவையும் நியூ கினித் தீவையும் தாண்டுவதில்லை.

கடைசியாக ஹெஸ்பெரினே, புல்துள்ளிகள். குடும்பத்தில் பாதி இனங்கள் இதில் அடங்கும். நெல், கோரை, மூங்கில், பனை, வாழை, மஞ்சள், இஞ்சி என்று ஒருவித்திலைத் தாவரங்களையே நம்பி வாழ்பவை. இவற்றைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இவை தவிர அண்மைக் காலத்தில் சில சிறு துணைக்குடும்பங்களும் பிரிக்கப்பட்டிருக்கின்றன. மலாசினே மடகாஸ்கருக்கு மட்டுமே உரியது. சாமுண்டினே வடகிழக்கு இந்தியாவிலும் அதை ஒட்டிய நாடுகளிலும் வாழும் சாமுண்டா என்ற பேரினத்துக்காக உருவானது.

பழைய நூலில் ஒரு பெயர், புதிய பட்டியலில் வேறு பெயர். எதை நம்புவது?

இரண்டுமே அந்தந்தக் காலத்தின் சான்றுக்கு ஏற்றவை. இன்றைய வகைப்பாட்டுக்கு அடித்தளம் போட்டவர் வில்லியம் ஹாரி எவன்ஸ். 1876-இல் ஷில்லாங்கில் பிறந்தவர், பிரிட்டிஷ் இராணுவத்தில் பிரிகேடியர். ஓய்வுபெற்ற பின் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரத்தில் உட்கார்ந்து உலகத் துள்ளிகள் அனைத்தையும் வரிசைப்படுத்தினார். ஆப்பிரிக்கப் பட்டியல் 1937-இல் வந்தது, ஐரோப்பா–ஆசியா–ஆஸ்திரேலியா 1949-இல், அமெரிக்கா 1951 முதல் 1955 வரை நான்கு பகுதிகளாக. இறக்கைப் புள்ளி, உணர்கொம்பு, இனப்பெருக்க உறுப்பின் வடிவம் ஆகியவற்றை மட்டும் வைத்து ஒருவர் செய்த வேலை இது. மரபணு வந்தபிறகும் அவருடைய கூட்டங்களில் பல அப்படியே நிற்கின்றன என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

2008, 2009 ஆண்டுகளில் ஆண்ட்ரூ வாரனும் உடன் ஆய்வாளர்களும் மரபணுவையும் உடலமைப்பையும் சேர்த்து ஏழு துணைக்குடும்பங்கள் கொண்ட வகைப்பாட்டைத் தந்தார்கள். அப்போது டாகியாடினேயும் பைரோபைஜினேயும் பைர்ஜினேக்குள் அடங்கியிருந்தன. அதன்பின் டெக்சாஸில் நிக் கிரிஷினின் குழு முழு மரபணுத்தொகுதியையே படிக்கத் தொடங்கியது. அருங்காட்சியகத்தில் நூறாண்டுக்கு மேல் ஊசியில் குத்திக் கிடந்த மாதிரிகளின் காலிலிருந்துகூடப் படிக்க முடிந்தது. அந்த இரண்டும் தனித் துணைக்குடும்பங்களாக உயர்ந்தன. ஏராளமான பேரினப் பெயர்களும் மாறின.

களத்தில் குறிப்பெழுதுபவருக்கு என் ஆலோசனை: எந்தப் பட்டியலைப் பின்பற்றுகிறீர்கள் என்பதையும் அதன் ஆண்டையும் ஒரு வரி எழுதிவையுங்கள். நாளை பெயர் மாறினாலும் உங்கள் குறிப்பு பயன்படும்.

ஒரே இனமாகத் தெரிவது பல இனங்களாக இருக்க முடியுமா?

முடியும். இதற்கு மிகத் தெளிவான சான்று துள்ளிகளிலிருந்தே வந்தது. கோஸ்டாரிகாவின் குவானகாஸ்டே பாதுகாப்புப் பகுதியில் டேனியல் ஜான்சனும் வினி ஹால்வாக்ஸும் பல ஆண்டுகளாகக் காட்டுப் புழுக்களைச் சேகரித்து வளர்த்துவந்தார்கள். அஸ்ட்ராப்டெஸ் ஃபுல்ஜரேட்டர் என்று அப்போது அழைக்கப்பட்ட துள்ளி 1775 முதல் அறியப்பட்டது, நீலப் பளபளப்பு கொண்டது, அமெரிக்க வெப்பமண்டலம் முழுக்கப் பரவியது. முதிர்ந்த பூச்சிகள் ஒன்றைப்போல் ஒன்று இருந்தன. புழுக்களோ நிறத்திலும் கோலத்திலும் வேறுபட்டன. வெவ்வேறு செடிகளில் வளர்ந்தன.

2004-இல் பால் ஹீபர்ட்டும் இவர்களும் சேர்ந்து ஒரு சிறு மரபணுத் துண்டின் வரிசையை ஒப்பிட்டு, அந்த ஒரு காட்டுப் பகுதியிலேயே பத்து இனங்கள் மறைந்திருப்பதாக அறிவித்தார்கள். அந்தத் துண்டு மட்டும் பத்து என்று சொல்லப் போதுமா என்று ஆண்ட்ரூ புரோவர் 2006-இல் கேள்வி எழுப்பினார். எண்ணிக்கை விவாதத்துக்குரியது, ஆனால் ஒன்றுக்கு மேற்பட்டவை என்பதை அவரும் மறுக்கவில்லை.

இந்தக் கதையில் நான் முக்கியமாகப் பார்ப்பது மரபணுக் கருவியை விட அதற்கு முந்தைய உழைப்பை. எந்தப் புழு எந்தச் செடியில் இருந்தது என்ற குறிப்பு இல்லாமல் இருந்திருந்தால், மரபணு வேறுபாட்டுக்கு என்ன பொருள் என்று யாருக்கும் சொல்லத் தெரிந்திருக்காது. நம் ஊர்த் துள்ளிகளுக்கும் அப்படிப்பட்ட குறிப்புகள் வேண்டும். அதற்கு ஆய்வகம் தேவையில்லை. வலை போட்ட ஒரு டப்பாவும் தினமும் புதிய இலை பறித்துப் போடும் பொறுமையும் போதும்.

புல்துள்ளிகள் ஏன் இத்தனை பெருகின?

துள்ளிகளின் மூதாதைகள் இருவித்திலைச் செடிகளைத் தின்றவை. அடிப்பகுதியில் பிரிந்த கோலியாடினே இன்றும் புங்கன், வாதுமை, குருக்கத்தி போன்றவற்றைத்தான் தின்கிறது. ஒருகட்டத்தில் ஒரு கிளை ஒருவித்திலைத் தாவரங்களுக்கு மாறியது. ஹெட்டரோப்டெரினே, ட்ரபெசிடினே, ஹெஸ்பெரினே மூன்றும் அந்தக் கிளையின் வாரிசுகள். பிறகு உலகெங்கும் புல்வெளிகள் விரிந்தபோது, அந்தத் தீவனத்தை ஏற்கெனவே பழகியிருந்த கூட்டத்துக்கு இடமும் உணவும் சேர்ந்து கிடைத்தன. புல் எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் இவையும் போயின.

பரவலிலும் இது தெரிகிறது. பெலோபிடாஸ் மத்தியாஸ் ஆப்பிரிக்கா முதல் ஜப்பான் வரை பரவியிருக்கிறது. போர்போ சின்னாரா இலங்கை, இந்தியா முதல் ஆஸ்திரேலியா வரை. வயல் வரப்பில் காணும் சாதாரணத் துள்ளியைத் துச்சமாக நினைக்க வேண்டாம். அதன் எல்லை பல பெரிய பறவைகளின் எல்லையைவிட அகன்றது. இதற்கு நேர்மாறாக, பிரம்பில் மட்டும் வளரும் குவெடாரா பேசிஃப்ளாவா மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக் காட்டைத் தாண்டி வருவதேயில்லை.

மேற்குத் தொடர்ச்சி மலைக்கே உரிய துள்ளிகள் எவை?

பல உண்டு. தொரெஸ்ஸா பேரினத்தில் மட்டும் சிடாலா, எவர்ஷெடி, ஹொனோரெய், அஸ்டிக்மாட்டா ஆகியவை இந்த மலைத்தொடருக்கே உரியவை. மடிக்கேரியின் பழைய பெயரைத் தாங்கிய அர்னெட்டா மெர்காரா உண்டு. நீலகிரியில் தேயிலைத் தோட்டக்காரராக இருந்து பின்னாளில் அந்துப்பூச்சி வகைப்பாட்டின் பெரும் அறிஞரான ஜார்ஜ் ஹாம்ப்சனின் பெயரில் பாரகஸ் ஹாம்ப்சோனி இருக்கிறது. ஆங்கிலப் பெயரிலேயே தமிழைச் சுமப்பவையும் இந்த மலைகளில் உண்டு: செலினோரைனஸ் ருஃபிகார்னிஸ் என்ற தமிழ் ஸ்பாட்டட் ஃப்ளாட், டரக்ட்ரோசெரா செராமாஸ் என்ற தமிழ் கிராஸ் டார்ட். தமிழகத்தில் இவற்றைத் தேடிப் பார்த்தவர்கள் மிகக் குறைவு என்பது வருத்தமாக இருக்கிறது.

இந்த மலைத் துள்ளிகளின் உறவினர்கள் எங்கே இருக்கிறார்கள்?

பல நேரம் வெகு தொலைவில். தொரெஸ்ஸாவின் மற்ற இனங்களைத் தேடினால் வடகிழக்கு இந்தியா, சீனா, தென்கிழக்கு ஆசியா என்று போக வேண்டும். நடுவில் தக்காணப் பீடபூமி முழுக்க ஒன்றுமில்லை. சோவாஸ்பெஸ் பெஞ்சமினி என்ற பச்சை நீலத் துள்ளி தென்னிந்திய மலைகளிலும் இலங்கையிலும் இருக்கிறது, பிறகு இமயமலை தொடங்கி ஜப்பான் வரை இருக்கிறது, இடையில் காணோம்.

இந்த இடைவெளிக்கு மிகவும் ஏற்கப்படும் விளக்கம், ஒருகாலத்தில் ஈரமான பசுமைக்காடு இன்றைவிடத் தொடர்ச்சியாக இருந்தது என்பதே. காலநிலை வறண்டபோது காடு மலைகளுக்குச் சுருங்கியது. காட்டோடு சேர்ந்து செடியும், செடியோடு சேர்ந்து துள்ளியும் பிரிந்தன. பெஞ்சமினியின் புழு மெலியோஸ்மா மரங்களிலும் அவற்றின் நெருங்கிய உறவுக் கொடிகளிலும் வளர்கிறது. அந்தச் செடிகளின் பரவல் வரைபடத்தை அருகில் வைத்துப் பார்த்தால் இடைவெளி புதிராகத் தோன்றாது.

வறண்ட சமவெளியில் துள்ளிகள் கிடைக்குமா?

நிறையவே. துத்திச் செடியில் கோமாலியா எல்மா வளரும். ஆப்பிரிக்கா, அரேபியா, இந்தியா, இலங்கை என்று வறண்ட நிலங்களின் வழியே பரவிய இனம் இது. பாறையும் முள்ளும் உள்ள இடங்களில் சராங்கேசா வகைகள் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் பறக்கும். ஈச்சம், தென்னை, அழகுப் பனைகள் இருக்கும் இடமெல்லாம் சுவாஸ்டஸ் கிரெமியஸ் இருக்கும். பின்னிறக்கையின் அடிப்பக்கத்தில் சாம்பல் நிறத்தின் மேல் சில கரும்புள்ளிகள், அவ்வளவுதான் அடையாளம். எங்கே என்று கேட்டால், வீட்டு வாசலில் இருக்கும் பூந்தொட்டிப் பனை என்பேன்.

பயிருக்குச் சேதம் செய்யுமா?

சில செய்யும். மஞ்சள் இலையைச் சுருட்டும் புழு பெரும்பாலும் உடாஸ்பஸ் ஃபோலஸ். நெல்லில் பெலோபிடாஸ், பர்னாரா, போர்போ, ஆம்பிட்டியா ஆகியவை இருக்கும். சாதாரண அளவில் இவற்றால் மகசூலுக்குப் பெரிய பாதிப்பு இருப்பதில்லை. குளவிகளும் சிலந்திகளும் பார்த்துக்கொள்கின்றன. வயலில் கண்ட ஒவ்வொரு சுருள் இலைக்கும் மருந்து அடிப்பதை நான் ஏற்கமாட்டேன். மருந்து முதலில் கொல்வது அந்தக் காவலர்களைத்தான்.

வாழைத் துள்ளியின் கதை வேறு. எரியோனோட்டா பேரினத்தின் இரண்டு இனங்கள் வாழை இலையை ஓரத்திலிருந்து வெட்டிப் பெரிய குழலாகச் சுருட்டிக்கொண்டு உள்ளே வாழும். புழுவின் மேல் வெள்ளை மெழுகுப் பொடி படிந்திருக்கும். எரியோனோட்டா திராக்ஸ் 1973-இல் ஹவாய்க்கும் பிறகு பப்புவா நியூ கினிக்கும் போய்ச் சேர்ந்தது. எரியோனோட்டா டோரஸ் தைவான், மொரீஷியஸ் என்று பரவி, 2010-களில் கேரளத்து வாழைத் தோட்டங்களில் பெருகியது. மனிதர் வாழையை எடுத்துப்போகும் வழியே துள்ளியும் போகிறது. பப்புவா நியூ கினியில் கொட்டீசியா எரியோனோட்டே என்ற சிறு ஒட்டுண்ணிக் குளவியை விட்டு திராக்ஸைக் கட்டுப்படுத்தினார்கள். புழுவின் உடலுக்குள் முட்டையிடும் குளவி அது. சில மரங்கள் மட்டும் உள்ள தோட்டத்தில் சுருளைக் கையால் பறித்து அழிப்பதே போதும்.

புழு ஏன் இலையைச் சுருட்டுகிறது?

ஒளிந்துகொள்ள. துள்ளிப் புழுக்கள் கிட்டத்தட்ட அனைத்தும் இலையை வெட்டியோ மடித்தோ பட்டு நூலால் தைத்துக் கூடு கட்டுகின்றன. பெரிய தலை, அதன் பின்னால் ஒடுங்கிய கழுத்து என்று அவற்றின் உருவமே தனி.

ஆனால் கூட்டுக்குள் எச்சம் சேர்ந்தால் அதன் வாடை எதிரிக்கு வழிகாட்டும். அதனால் புழு தன் எச்சத்தைப் பின்புறமுள்ள சீப்பு போன்ற உறுப்பின் உதவியால் இரத்த அழுத்தம் கூட்டி வெளியே எறிகிறது. வட அமெரிக்கத் துள்ளி ஒன்றை ஆராய்ந்த மார்த்தா வைஸ், உடல் நீளத்தைப்போல் 38 மடங்கு தூரம் வரை எச்சம் பறப்பதை அளந்து 2003-இல் வெளியிட்டார். எச்ச வாடை இருக்கும் கூட்டைக் குளவிகள் கூடுதலாகத் தேடி வந்ததையும் அவர் சோதனையில் காட்டினார்.

துள்ளிகள் வலசை போகுமா?

சில போகும். படாமியா எக்ஸ்கிளமேஷனிஸ் இந்தியாவிலும் ஆஸ்திரேலியாவிலும் கூட்டமாக இடம்பெயர்வது பதிவாகியிருக்கிறது. இதன் புழு தளிரை மட்டுமே தின்னும். ஓரிடத்தில் தளிர்ப் பருவம் முடிந்தால் முதிர்ந்த பூச்சி தளிர் இருக்கும் இடத்தைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது.

சில துள்ளிகளின் கண் சிவப்பாக இருக்கிறதே?

மங்கலான வெளிச்சத்தில் பறக்கும் பல இனங்களுக்கு அப்படி இருக்கும். மூங்கில் காட்டின் மட்டாபா, தென்னையிலும் மற்ற பனை வகைகளிலும் வளரும் கங்காரா தைர்சிஸ் ஆகியவை விடியலிலும் அந்தியிலும் சுறுசுறுப்பானவை. கங்காராவின் புழு உடல் முழுக்க நீண்ட வெள்ளை மெழுகு இழைகளைச் சுமந்திருக்கும். முதல்முறை பார்ப்பவருக்கு அது புழு என்றே தோன்றாது. பகல் பத்து மணிக்கு மேல் நடைபோகிறவர்கள் இந்த இனங்களை அரிது என்று எழுதிவிடுகிறார்கள்.

உறிஞ்சுகுழல் மிக நீளமானது எது?

வண்ணத்துப்பூச்சிகளில் அந்தச் சிறப்பும் துள்ளிகளுக்கே. மத்திய அமெரிக்காவின் டாமஸ் இம்மாகுலாட்டாவுக்கு உறிஞ்சுகுழல் 5 செ.மீ.-க்கும் அதிகம், உடல் நீளத்தைப்போல் இருமடங்குக்கு மேல். ஆழமான குழல் பூக்களில் மகரந்தத்தைத் தொடாமலே தேனை எடுத்துக்கொண்டு போய்விடும்.

படத்தை மட்டும் வைத்துப் பழுப்புத் துள்ளிக்குப் பெயர் சொல்ல முடியுமா?

பேரினம் வரை பெரும்பாலும் முடியும், இனம் வரை பல நேரம் முடியாது. முதலில் உட்காரும் விதம்: இறக்கையை முழுக்க விரித்தால் டாகியாடினே அல்லது பைர்ஜினே பக்கம் தேடுங்கள். முன்னிறக்கை மேலே தூக்கியும் பின்னிறக்கை தட்டையாகவும் இருந்தால் புல்துள்ளி. இறுக மூடி இலைக்கடியில் தொங்கினால் கோலியாடினேயைப் பாருங்கள்.

புல்துள்ளிகளில் பின்னிறக்கையின் அடிப்பக்கப் புள்ளிகள் முக்கியம். நேர்கோட்டில் நின்றால் பர்னாரா, பொதுவாகப் புள்ளியே இல்லையென்றால் கால்டோரிஸ். பெலோபிடாஸ் மத்தியாஸ் ஆணின் முன்னிறக்கை மேற்புறத்தில் சாய்வான வெளிர் கோடு ஒன்று இருக்கும். பயோரிஸ் ஆணின் பின்னிறக்கையில் மயிர்க்கற்றை. மேற்புறமும் அடிப்புறமும் சேர்ந்து பதிவாகாத படத்துக்கு "பெலோபிடாஸ், இனம் உறுதியில்லை" என்று எழுதுவதுதான் நேர்மை. தவறான பெயரோடு பதிவேறும் படம் பரவல் வரைபடத்தில் ஒரு பொய்ப் புள்ளியாகப் பல ஆண்டுகள் நிற்கும்.

படத்தோடு வேறு என்ன தகவல் தர வேண்டும்?

இடம், கடல்மட்டத்திலிருந்து உயரம், தேதி, நேரம். பெண் பூச்சி இலையில் முட்டையிட்டதைப் பார்த்திருந்தால் அந்தச் செடியையும் பூ அல்லது காயோடு படம் எடுத்துச் சேருங்கள். செடியின் பெயர் தெரியாவிட்டால் பரவாயில்லை, உள்ளூரில் ஆடு மேய்ப்பவரிடம் கேட்டால் பெரும்பாலும் சொல்லிவிடுவார். அந்தப் பெயரை அப்படியே எழுதுங்கள். சுருண்ட இலைக்குள் புழு இருந்தால் தலையின் நிறமும் கோடும் தெரியும்படி ஒரு படம் எடுத்துவிட்டு, இலையை மீண்டும் மடித்து விட்டுவிடுங்கள்.